பெரியம்மாவின் மெஷினை டூப்ளிகேட் என்று சொன்னேன்

மூன்று வருஷத்துக்கு முன்னால், தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் அவருடைய தையல் மெஷினைத் தடவிப் பார்த்துவிட்டு, இருபது நிமிஷத்தில் தீர்ப்புச் சொன்னேன். "இது ஒரிஜினல் சிங்கர் இல்ல பெரியம்மா, டூப்ளிகேட்." பெரியம்மா சண்டை போடவில்லை. "அப்படியா கண்ணு" என்றார். மெஷின் மேல் கிடந்த பழைய சேலைத் துண்டை இழுத்து ஓரம் வரை சரியாக மூடிவிட்டு, காபி போட உள்ளே போனார். அந்தத் துணியை இழுத்து மூடிய விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

அந்த மெஷினின் கதை எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெரியப்பாவின் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். நம்ம பக்கத்திலிருந்து எத்தனை குடும்பங்கள் அங்கே போயின என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே வீட்டைக் காலி செய்துகொண்டு சீமைக்குக் கிளம்பிய ஒரு குடும்பத்திடம் அவர் அதை வாங்கினார், ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார் என்பார்கள். மடியில் வைக்கிற எடையா அது என்று யாரும் கேட்டதில்லை. பெரியம்மா கல்யாணமாகி வந்ததிலிருந்து அதில்தான் தைத்தார். பாவாடை, ஜாக்கெட், பள்ளிக்கூட யூனிஃபார்ம், தீபாவளிக்கு முதல் வாரம் ராத்திரி இரண்டு மணி வரை கடகட சத்தம். என் முதல் அரைக்கால் டவுசர் அதில் தைத்ததுதான்.

அப்படியிருந்தும் ஏன் டூப்ளிகேட் என்றேன்? பழைய மெஷின் அசலா நகலா என்று கண்டுபிடிப்பது எப்படி என்று இணையத்தில் பட்டியல் பட்டியலாக இருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் பெரியம்மா மெஷின் ஒவ்வொரு கேள்வியிலும் தோற்றது. கை வைத்துச் சுற்றும் சக்கரத்தில் உஷா என்று வார்ப்பில் இருந்தது. முகப்புத் தகட்டில், தலையில் பிளஸ் குறி வெட்டிய இரண்டு ஸ்டார் ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூ 1930களின் நடுவில்தான் சந்தைக்கே வந்தது. மெஷினின் தூணில் இருக்க வேண்டிய சிங்கர் முத்திரை போட்ட பித்தளை வில்லை இல்லை, இரண்டு ஓட்டை மட்டும் இருந்தது. அடிநூல் உருளையைப் போடுகிற பாபின் கேஸ் பளபளவென்று புதுசு. பின்பக்கம் யாரோ பிரஷ்ஷால் கறுப்பு எனாமல் அடித்து, பிரஷ் முடி ஒன்று பெயிண்டிலேயே ஒட்டிக் காய்ந்திருந்தது. இத்தனையும் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகமே வரவில்லை. நம்பரை மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன், அதைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை.

பதினான்காயிரம் ரூபாய் மெஷின்

அடுத்த வருஷம் நானே ஒன்று வாங்கினேன். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற ரோட்டில் பழைய சாமான் விற்கிற கடை ஒன்று. பெங்களூர் கார்கள் நிற்கிற கடை. பித்தளை அண்டா, மரத் தூண், கிராமபோன் குழாய் எல்லாம் வாசலிலேயே இருக்கும். சிங்கர் ஸ்டாண்டுகளையும் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள், தைக்கிற மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மேலே நம்ம ஊர் கிரானைட் பலகையைப் போட்டு ரிசார்ட்டுகளுக்கு டேபிளாக விற்பதற்கு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும், அது வேறு கதை. உள்ளே கண்ணாடி அலமாரி பக்கத்தில் ஒரு மெஷின் இருந்தது. பித்தளை வில்லையில் பெரிய எஸ் எழுத்து, குறுக்கே ஊசிகள், நடுவில் ஷட்டில். உடம்பு முழுக்கத் தங்க நிறத்தில் பெண் முகமும் இறக்கையுமாக எகிப்து டிசைன். ஓரங்களில் பெயிண்ட் தேய்ந்து இரும்பு தெரிந்தது. எழுத்தில்லாமல் ஆறு இலக்க நம்பர். "1870 மாடல் சார், பிரிட்டிஷ்காரன் பங்களாவுல இருந்தது" என்றார் கடைக்காரர். பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் இது டிக் போட்டது. பதினான்காயிரம் கொடுத்தேன்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த மெஷினை வாங்கும்போது பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், ஒரிஜினல் என்றால் இப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியது. நல்லவேளை, அதற்கு முன் பாபின் சிக்கிக்கொண்டது.

காவேரிப்பட்டணத்தில் ஒரு மெஷின் மெக்கானிக் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் மிஷின் பாய்தான். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கடை என்றால் ஒரு ஆள் உட்கார்ந்து இன்னொரு ஆள் நிற்கிற அளவு இடம். ஹெட்டை நானும் ஆட்டோக்காரரும் இரண்டு பக்கம் பிடித்து இறக்கினோம். பாய் வில்லையைப் பார்க்கவில்லை, நம்பரைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் தூரத்திலிருந்தே பார்த்தார். அப்புறம் தன் ஸ்டூலை விட்டு எழுந்து, "நீங்க உக்காருங்க தம்பி" என்றார்.

உட்கார்ந்தேன். ஒரு துண்டுத் துணியை ஊசிக்கு அடியில் போட்டு, "தைக்கிற மாதிரி கைய வைங்க" என்றார். எனக்குத் தைக்கத் தெரியாது என்றாலும் பெரியம்மாவைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் கை தானாக இடம் தெரிந்து போனது. இடது கை ஊசிக்கு இடப்பக்கம் விரிந்து படுத்தது, வலது கை ஊசிக்கு முன்னால் துணியைப் பிடித்தது. பாய் காதில் செருகியிருந்த தையல் சாக்பீஸை எடுத்து என் கைகளைச் சுற்றி மெஷினின் கறுப்பு மேல் கோடு போட்டார். குழந்தைகள் ஸ்லேட்டில் கை வைத்து வரைவார்களே, அந்த மாதிரி. வலது கையை எடுத்துச் சக்கரத்தைத் தொடச் சொல்லி அங்கேயும் ஒரு கோடு. "இப்ப கைய எடுங்க."

எடுத்தேன். வெள்ளைக் கோட்டுக்குள்ளே பெயிண்ட் அப்படியே புத்தம் புதுசாக இருந்தது. கோட்டுக்கு வெளியே, தூணுக்குப் பின்னால், மெஷினின் மேல்கைக்கு அடியில், நாலு ஓரத்திலும் ஒரே அளவாக இரும்பு தெரிந்தது. பாய் தூணின் பின்பக்கம் விரலை வைத்து, "இங்க யாரு தம்பி கை வச்சாங்க?" என்றார்.

அவ்வளவுதான். எனக்கு அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் பாய் விடவில்லை, தான் தினமும் தைக்கிற மெஷினைக் காட்டினார். அதில் ஊசிக்கு முன்னால் ஒரு உள்ளங்கை அளவுக்குக் கறுப்பே இல்லை, அதன் ஓரம் மெதுவாக மங்கி மங்கிப் பெயிண்டோடு கலந்தது. அதற்குள்ளே நகத்தால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான பொடிக் கோடுகள். துணியில் குத்திய குண்டூசிகள் இழுபட்டு இழுபட்டு விழுந்த கோடுகளாம். மேல்கையின் பின்பக்கத்தில் தங்க டிசைன் கலையாமல் இருந்தது, ஏனென்றால் அங்கே துணியும் போகாது, கையும் போகாது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவன் தேய்ப்பதற்கு வசதியான இடத்தில் தேய்க்கிறான். தைக்கிறவர் கை துணி போகிற வழியில்தான் போகும்.

அப்புறம் என் மெஷினை மல்லாக்கச் சாய்த்தார். ஸ்க்ரூக்களின் வெட்டுக்குள்ளேயே கறுப்பு பெயிண்ட் போயிருந்தது, அதாவது ஸ்க்ரூவைக் கழற்றாமல் மொத்தமாக ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள். பழைய மெஷின் என்றால் அடிப்பக்கம் எண்ணெய் காய்ந்து வெல்லப்பாகு மாதிரி பழுப்பாகப் படிந்திருக்கும், துணியைத் தள்ளுகிற பல் ஓடும் பள்ளத்தில் பல வருஷத்துத் துணித் தூசி பல நிறத்தில் இறுகிப் போயிருக்கும். இங்கே ஒன்றுமில்லை. டிசைனின் ஓரத்தில் நகத்தை வைத்தால் தட்டியது. மேலே ஒட்டிய ஸ்டிக்கர். பழைய டிசைன்கள் வார்னிஷுக்கு அடியில் இருக்கும், நகத்தில் படாது, கண்ட திரவத்தையும் போட்டுத் துடைத்தால் தங்கம் போய் வெள்ளியாக வெளுக்கும். வில்லை பசையில் ஒட்டியிருந்தது, ரிவிட்டே இல்லை. இதெல்லாம் போக, பின்தையல் போடும் லீவர் இருந்தது, பின்னால் மோட்டார் மாட்டுகிற முட்டு வார்ப்பிலேயே இருந்தது. 1870-இல் எந்த பங்களாவில் மோட்டார் மாட்டினார்கள்?

"இது லூதியானா ஹெட்டு தம்பி. பத்து இருவது வருஷம் இருக்கும். நல்லா தைக்கும். நாலாயிரத்துக்கு வாங்கியிருந்தீங்கன்னா நானே நல்ல வெலைன்னு சொல்லியிருப்பேன்" என்றார். எனக்கு அந்த மெஷின் மேல் கோபம் இல்லை. பஞ்சாபில் இருக்கிற லூதியானாவில் தெருவுக்குத் தெரு நடக்கிற பட்டறைகள்தான் நம்ம ஊர் தையற்காரர்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில் மெஷினும் உதிரியும் கொடுக்கின்றன. அதன் மேல் பொய் வில்லையை ஒட்டியவர் மேல்தான் கோபம்.

பழைய ஸ்க்ரூ இருந்தால்தான் சந்தேகம்

கிளம்பும்போது பெரியம்மா மெஷினைப் பற்றிச் சொன்னேன். உஷா சக்கரம், ஸ்டார் ஸ்க்ரூ, வில்லை இல்லாத ஓட்டை, புது பாபின் கேஸ் எல்லாம். பாய் சிரிக்கவில்லை. "நாப்பது வருஷம் தெச்ச மிஷின்ல எல்லா ஸ்க்ரூவும் பழசாவே இருந்தாதான் தம்பி எனக்குச் சந்தேகம் வரும்" என்றார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இதுவே ஓடியது. சிங்கரின் 15-ஆம் நம்பர் மாடலை உலகமே நகலெடுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பான் கம்பெனிகள் அதையே பொது மாதிரியாக வைத்துக்கொண்டு லட்சக்கணக்கில் செய்தன. சீனாவும் அதே வழியில் போனது, லூதியானாவும் போனது. அதனால்தான் அந்த மாடல் வகை மெஷின்களில் ஒன்றின் பாபின் இன்னொன்றில் போய் உட்காருகிறது, சக்கரம் மாறுகிறது, ஊசி மாறுகிறது. உதிரி பாகத்தை வைத்து அசலா நகலா என்று சொல்லப் போனால் இரண்டு பக்கமும் தவறும். உழைத்த மெஷினில் புது பாகம் ஏறியிருக்கும், உழைக்காத மெஷினில் பழைய வில்லை ஏறியிருக்கும். வெளிநாட்டில் அலமாரியில் வைத்துப் பார்க்கிறவர்கள் எழுதிய பட்டியலை நான் பாலக்கோட்டில் சோறு போட்ட மெஷின் மேல் வைத்து அளந்திருக்கிறேன். அங்கே ஒரு மெஷின் முப்பது வருஷம் பரணில் கிடந்தால் ஸ்க்ரூ அப்படியே இருக்கும். இங்கே ஸ்க்ரூ தேய்ந்தால் சந்தைக்குப் போய், கிடைத்ததை வாங்கி மாட்டிவிட்டு, மறுநாள் ஜாக்கெட்டைக் கொடுத்தாக வேண்டும்.

ராத்திரி அந்தப் பழைய போட்டோவைத் தேடி எடுத்தேன். மெஷினின் வலது ஓரத்தில் கொஞ்சம் மேடாக இருக்கும் இடத்தில் நம்பர். பெரிதாக்கிப் பார்த்தால் முதலில் ஒய் என்ற ஆங்கில எழுத்து, அப்புறம் ஏழு இலக்கம். அதில் ஒரு இலக்கம் லேசாகச் சரிந்து, பக்கத்து இலக்கத்தை விட ஆழமாகப் பதிந்திருந்தது. சிங்கர் மெஷின்களில் 1900 முதல் நம்பருக்கு முன்னால் எழுத்து வருகிறது. அதற்கு முந்தையவற்றில் வெறும் எண்தான். ஒய் எழுத்து ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் என்கிற ஊரின் தொழிற்சாலைக்கு உரியது, 1920களிலும் 30களின் தொடக்கத்திலும் போட்டது. 1880களில் கட்டிய தொழிற்சாலை, கடிகாரக் கோபுரத்தோடு அந்த ஊரையே ஆண்டது, 1980-இல் மூடிவிட்டார்கள். அங்கே ரயில் நிலையத்துக்கு இன்றைக்கும் சிங்கர் என்றுதான் பெயர். தங்கவயலில் வெள்ளைக்காரக் கம்பெனி இருந்த காலத்தோடு இது அப்படியே பொருந்துகிறது.

நம்பரை மட்டும் வைத்து முடிவு செய்யவும் கூடாது, நம்பரைக் குத்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பாய் சொல்லிக் கொடுத்த இன்னொரு விஷயம்: பழைய சிங்கர் பாகங்களின் அடியில் சிமான்கோ என்று பொடி எழுத்தில் குத்தி, பக்கத்தில் பாகத்தின் எண்ணும் போட்டிருக்கும். சிங்கர் மேனுஃபேக்சரிங் கம்பெனி என்பதன் சுருக்கம் அது. வெளியில் தெரியாத இடம் என்பதால் ஏமாற்றுகிறவர்கள் பெரும்பாலும் அதற்கு மெனக்கெடுவதில்லை. முலாமையும் பார்க்கலாம். பழைய நிக்கல் முலாம் வெயிலில் லேசாக மஞ்சள் கலந்து மினுங்கும், குரோம் முலாம் நீலம் அடிக்கும். இரண்டு கரண்டிகளைப் பக்கத்தில் வைத்துப் பழகினால் ஒரே நாளில் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.

நான் இதையெல்லாம் விசாரிக்கிறேன் என்று தெரிந்து ஒருவர் போன் செய்து, மெஷின் பக்கத்தில் செல்போனைக் கொண்டு போனால் டவர் கட் ஆகிறதா என்று கேட்டார். டவர் கட் ஆனால் உள்ளே விலைமதிப்பில்லாத சிவப்பு பாதரசம் இருக்கிறதாம்! 2009-இல் சவூதியில் சிங்கர் மெஷினுக்குள் இந்தப் பாதரசம் இருக்கிறது என்று வதந்தி கிளம்பி, மக்கள் கண்மண் தெரியாத விலை கொடுத்தார்கள். அப்படி ஒரு பொருளே மெஷினில் கிடையாது, உள்ளே இருப்பது இரும்பும் எண்ணெயும்தான். இரிடியம் கலசம் என்ற மோசடியில் வீட்டை இழந்தவர்கள் நம்ம மாவட்டங்களிலும் இருக்கிறார்கள், அதனால்தான் இதை இவ்வளவு பச்சையாக எழுதுகிறேன். யாராவது அப்படிக் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

பாலக்கோடு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலக்கோட்டுக்குப் போனேன். திண்ணையில் மெஷின் இருந்த இடத்தில் புளி கொட்டிக் காய்ந்துகொண்டிருந்தது. எங்கே என்று கேட்டேன். "பின்தெருவுல ஒரு பொண்ணு. ஓசூர் கம்பெனியில தெச்சிக்கிட்டு இருந்தது, குழந்தை பொறந்ததுல இருந்து வீட்டுல இருக்குது. மிஷின் வாங்க வழியில்லன்னு சொல்லுச்சு. சரி, டூப்ளிகேட்டுதானேன்னு குடுத்துட்டேன்" என்றார் பெரியம்மா. நான் சொன்ன அதே வார்த்தை. அதில் குத்தல் எதுவும் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தொண்டையில் அடைத்தது.

இருவரும் அந்த வீட்டுக்குப் போனோம். ஜன்னல் ஓரத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி போட்டிருந்தாள், ஊசிக்கு அடியில் பாதி தைத்த பச்சை ஜாக்கெட் கை ஒன்று. கேட்டுக்கொண்டு துணியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னாலும் இதே கண்தான், இதே மெஷின்தான். ஊசிக்கு முன்னால் கறுப்பு போய் இரும்பு சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று இருந்தது. இடது பக்கம் பெரியம்மாவின் கை எப்போதும் படுக்கும் இடத்தில் இன்னொரு தேய்வு, முன்னதைவிட மங்கல். அதற்குக் கொஞ்சம் தள்ளி ஓரத்தில் சின்னச் சின்னக் கொத்துகள். பெரியம்மா நூலை வெட்டியதும் கத்தரிக்கோலை அங்கேதான் டக்கென்று போடுவார், அந்தச் சத்தம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை எப்படிப் பார்க்காமல் விட்டேன்? ஊசிக்குப் பக்கத்துத் தகடான ஸ்லைடு பிளேட்டை இழுத்துக் கழற்றித் திருப்பினேன். எண்ணெய்க் கறையை விரலால் துடைத்ததும் சிமான்கோ என்று எழுத்து வந்தது.

பெரியம்மாவிடம் சொன்னேன். நான் அன்றைக்குச் சொன்னது தப்பு, இது ஸ்காட்லாந்தில் செய்த அசல் மெஷின், தொண்ணூறு வயதுக்கு மேல் ஆகிறது, சக்கரமும் ஸ்க்ரூவும்தான் பிறகு மாற்றியது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் விலை என்ன என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்துவிட்டு, "அப்போ மாமனாரு ஏமாந்துட்டு வரலதானே?" என்றார்.

இல்லை என்றேன். மூன்று வருஷமாக அவர் மனசில் என்ன இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் ஒரு பொருளுக்கு மதிப்புப் போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். சுரங்கத்தில் சேர்த்த காசைக் கொடுத்து, யாரோ கையில் கொடுத்த நகலை நம்பி ரயில் ஏறிய ஒரு மனுஷனை அவருக்குக் காட்டிவிட்டுப் போயிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் என்னாத்துக்கு கண்ணு" என்றார், ஆனால் என் கையை விடவில்லை.

அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்போ இது உங்களுக்குத் திருப்பி வேணுங்களா அண்ணா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா, "குடுத்தது குடுத்ததுதான், நீ தை" என்றார். அவள் பச்சைத் துணியை மறுபடி ஊசிக்கு அடியில் வைத்து மிதித்தாள். நாலு தையல் ஓடி, சக்கரம் சுற்றாமல் மிதி மட்டும் ஆடியது. பெரியம்மா குனிந்து தோல் பெல்ட்டை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். "லூசாயிருச்சு. அரை இஞ்சு வெட்டிட்டு கொக்கிய மாட்டு. கத்திரிக்கோல் எங்க வச்சிருக்க?"